அக்காவைப் பார்க்கும் பாக்கியம்

அன்புள்ள தம்பிக்கு,

உக்கிராணத்துவத்தைப் பற்றி நேற்று நீ செய்த பிரசங்கம் நன்றாக இருந்தது. நேரம், உடம்பு, வீடு எல்லாம் ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தவை என்றாய். நான் பிந்தி வந்ததற்கு மன்னித்துக்கொள். படுத்த படுக்கையாயிருக்கும் அக்காவுக்கு மறுபடியும் விரிப்பு மாற்ற வேண்டியதாயிற்று.

எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை, ஒரு மாதம் அக்காவை வைத்துக்கொள்வாயா என்று கோயில் வாசலில் கேட்டேன். "அந்தப் பாக்கியம் உங்களுக்குத்தாண்ணே, நீங்க குடுத்து வச்சவங்க" என்று சிரித்தாய். வழக்கம்போல நானும் சிரித்துவைத்தேன்.

"பிரசங்கத்துல என் பேரு வந்துச்சாடா?" என்றாள் அக்கா, நான் வீடு திரும்பியதும்.

இத்தனை வருஷம் அந்தப் பாக்கியத்தை நான் ஒருவனே வைத்துக்கொண்டது தவறோ என்னவோ. இந்தக் கடிதத்தை அக்காவே கொண்டுவருகிறாள். வண்டிக்காரர் தூக்கி இறக்குவார். இடப்பக்கமாகப் படுக்கவைக்காதே, அவளுக்கு வலிக்கும்.

உன் அண்ணன்