முதல் பக்கத்துப் படம்

14 நவம்பர் 1968, டார்ம்ஸ்டாட்

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து நூலகர் ஒருவரைப் பற்றிப் பேராசிரியர் எழுதிய புத்தகத்தின் கடைசி ப்ரூஃப் இன்று வந்தது. நான்கு வருடம் அவருடைய லத்தீன் கடிதங்களைப் படித்துக் குறிப்பெடுத்தவன் நான். முன்னுரையில் பேராசிரியர் தன் நாய்க்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறார். என் பெயர் இல்லை.

முதல் பக்கத்தில் அவர் தேர்ந்தெடுத்த படம் நூலகருடையதே அல்ல. நூலகரை வாழ்நாளெல்லாம் பழித்து எழுதிய எதிரியுடையது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

"யா, ஹெர் ப்ரொஃபஸர்" என்று தலையாட்டினேன்.

புத்தகம் வரட்டும், ஊரே சிரிக்கும். இரவுச் சாப்பாடு ருசித்தது.

அந்த நூலகர் கிழவரை நினைத்தால்தான் உறுத்துகிறது. தன் கையாலேயே அச்சிட்டு, ஒரு பிழைகூட விடாத மனிதர். காலை எட்டு மணிக்குள் அச்சகத்துக்கு ஃபோன் செய்தால் படத்தை மாற்றிவிடலாம்.

மன்னியுங்கள் கிழவரே, செய்ய மாட்டேன்.