நீல உடுப்பை வெளுத்த நாள்

இன்றைக்கும் கரண்ட் போய்விட்டது. கம்பெனியில் டீசல் இன்ஜினை ஓட விட்டார்கள். புகை உள்ளே வந்ததும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

"ஏனுங்கக்கா, டீசல்ல அப்படி என்ன வாசமுங்க?" என்று எதிரே இருந்தவள் கேலி செய்தாள். என் வீட்டுக்காரர் வாசம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நமக்குக் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நீர்மூழ்கிக் கப்பல் பழக உங்களை ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். நம் கடற்படைக்கு அப்போதுதான் அந்தக் கப்பல்கள் முதன்முதலாக வரவிருந்தன. திரும்பி வந்த உங்களிடம், "முங்கறது சரிங்க, மறுபடி எப்படீங்க எந்திரிக்கும்?" என்று கேட்டேன். தைக்காத பனியன் துணி குழாயாகத்தானே இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துக் காட்டினீர்கள்.

"உள்குழாய்ல நாங்க. ரெண்டுக்கும் நடுவுல தண்ணிய உட்டா முங்கும். காத்த அடிச்சு அதை வெளிய தள்ளுனா எந்திரிக்கும். அவ்வளவுதான் அம்மிணி."

அடியில் போகும்போது பேட்டரிதான் ஓட்டும். அதற்குச் சார்ஜ் ஏற்ற டீசல் இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜினுக்குக் காற்று வேண்டும். அதனால் மூச்சுக்குழாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட உங்கள் முகத்தில் அத்தனை வெளிச்சம் இல்லை. எனக்கு அந்தக் கப்பல்மேல் பொறாமையாக இருந்தது. சக்களத்தி என்றாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அடுத்த லீவில் அந்தக் காரியத்தைச் செய்தேன். உங்கள் பெட்டியைத் திறந்தாலே டீசல் நெடி. நான் சலவைப்பட்டறைக்காரர் மகள், துணி என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழி. சோடா போட்டு வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். நீல வேலை உடுப்பு திட்டுத் திட்டாக வெளுத்துக் கொடியில் தொங்கியது. நீங்கள் கத்தவில்லை. "ஏன் அம்மிணி இப்படிப் பண்ணுனே?" என்றீர்கள்.

"அந்த வாசம் போச்சுன்னா நீங்க போகமாட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

அதையே போட்டுக்கொண்டு போனீர்கள். மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதாகக் கடிதம் வந்தது. அதற்குமேல் என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

சர்வீஸ் முடியும் நேரத்தில், இன்னும் சில வருஷம் இருக்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தோடு வந்தீர்கள். "புதுசா வர்ற கப்பலுக்கு ஆளு வேணுமாம். போகட்டுமா?" என்றீர்கள். முடியாது என்றேன். இருந்த பயத்தையெல்லாம் கோபமாக்கிக் கொட்டினேன். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு இந்த ஊர்க் கம்பெனிகளுக்கு இன்ஜின் பழுது பார்த்தீர்கள். தினமும் வீட்டுக்கு வந்தீர்கள். மூன்று வருஷம் அப்படிப் போனது. எனக்குப் போதவில்லை.

நெஞ்சுவலி என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. "அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

"இல்ல அம்மிணி. எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. உன் வாயால ஒருக்கா சரின்னு கேக்கோணும்னு ஆசை."

நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். மறுபடி உள்ளே விட்டபோது நீங்கள் இல்லை. அன்று சொல்ல வந்த அந்த 'சரி' இன்னும் என்னிடமே இருக்கிறதுங்க.