அக்கா படிப்பாள், நான் அமுக்குவேன்

ஜூலை 8, செவ்வாய்

கணக்குப் பரீட்சை பரவாயில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகு இந்த அறை பெரிதாகிவிட்டது. அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். "இந்த வீட்லேருந்து யாரும் அவகிட்ட பேசக்கூடாது" என்று அப்பா சொன்னார். அம்மாவும்கூடப் பேசுவதில்லை.

ஜூலை 9, புதன்

இன்று முழுக்க அவள் ஞாபகம்தான். கீழே அப்பாவின் ஸ்டிக்கர் கடை. பெயர்ப்பலகை எழுத்துகளை வெட்டும் பழைய இயந்திரத்தைப் புது மென்பொருள் எதுவும் சீண்டாது. அக்காதான் கடை லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, பழைய மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை ஓட வைத்தாள். எதை நிறுவினாலும் எங்களுக்கு ஒரு முறை உண்டு. அக்கா கட்டளையைத் தட்டுவாள். எது வரும், எது போகும் என்று பட்டியல் வரும். செய்தி வாசிப்பவள் மாதிரி அதை உரக்கப் படிப்பாள். கடைசியில் 'சம்மதமா?' என்று கேட்கும். 'ஆம்' என்பதற்கான ஒய் பொத்தானை அமுக்குவது நான். "உன் விரல்தான்டி ராசி" என்பாள்.

மென்பொருளை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் ஒரு பொதுக் கிடங்கு மாதிரி. எல்லா மென்பொருளும் தனக்கு வேண்டியதை ஒரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். "நாம ரெண்டு பேரும் ஒரே சீப்பு வச்சிருக்கோம்ல, அது மாதிரி" என்பாள் அக்கா. ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டியதோடு தனியாக அடைத்துத் தரும் கன்டெய்னர் பெட்டிகளைக் கண்டால் இருவருக்கும் இளக்காரம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சீப்பு, தனிக் கண்ணாடி, பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைகள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியா என்று அப்பா அவளைத்தான் கேட்பார். இப்போது யாரையும் கேட்பதில்லை.

ஜூலை 12, சனி

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

அக்காவோடு பேச ஒரு செயலி வேண்டும். புதுப் பதிப்பு எங்கள் கிடங்கில் இல்லை. அப்பாவுக்குத் தெரியாமல் கடை லேப்டாப்பில், இணையத்தில் கிடைத்த வெளிக் கிடங்கு ஒன்றைச் சேர்த்தேன். பட்டியல் ஓடியது. சம்மதமா என்றது. அமுக்கிவிட்டேன் — படிக்கவேயில்லை. படிப்பது அக்கா வேலை அல்லவா? புதுச் செயலிக்காக அலமாரியில் எதையோ மாற்றி, அதோடு ஒத்துப்போகாத வெட்டும் மென்பொருளைத் தூக்கி எறிந்திருக்கிறது. பட்டியலிலேயே இருந்தது. 'நீக்கப்படும்' என்று.

ஜூலை 13, ஞாயிறு

கடை லீவு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

ஜூலை 14, திங்கள்

காலையில் அப்பா தட்டித் தட்டிப் பார்த்தார். "திறக்கவே மாட்டேங்குது. நாளைக்கு ரிப்பேர்க்காரர வரச் சொல்லியிருக்கேன்." அவர் வந்தால் செயலியைப் பார்ப்பார். அதில் அக்கா பெயர் இருக்கிறது. டம்ளர் தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

பள்ளி விட்டதும் பக்கத்து பெஞ்சுக்காரி வீட்டுக்குப் போய், அவள் அம்மாவின் போனில் அக்காவைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"அழாதடி லூசு. அந்த வெளிக் கிடங்க எடுத்துரு. அது மாத்தினதயெல்லாம் பழைய பதிப்புக்கே கொண்டு வா. பொதுக் கிடங்குல அப்பாவோடது மட்டும் இருக்கட்டும். பேசற செயலிய பெட்டியா போடு. அதுக்கு வேணுங்கறத அதுவே கொண்டு வரும். அடுத்தவங்க சாமானத் தொடாது."

நமக்குத்தான் பெட்டி பிடிக்காதே என்றேன்.

"அப்ப ஒரே வீட்ல இருந்தோம். இனிமே நீயே படி. சத்தமா. அப்புறம் அமுக்கு."

அப்பா பலகை மாட்டப் போயிருந்தபோது ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தேன். அக்கா குரலிலேயே படித்தேன். வெட்டும் மென்பொருள் திரும்பி வந்துவிட்டது, செயலியும் பெட்டியாக வந்தது. இயந்திரம் கர்ரென்றது, அந்தச் சத்தத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ரிப்பேர்க்காரரை வரவேண்டாம் என்றார் அப்பா. "தானா சரியாயிடுச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 2, சனி

அப்பா வெளியே போனால் சத்தமில்லாமல் தட்டச்சில் பேசுகிறோம். பெட்டி நிறைய இடம் பிடிக்கிறது. அனுமதி கொடுக்காமல் நம் படங்கள் எதுவும் அதற்குத் தெரியாது. அக்காவுக்கும் இப்போது இந்த வீடு அப்படித்தானே? எங்கள் துணி அலமாரியில் அவள் தட்டு காலியாக இருக்கிறது. என் துணியை அங்கே வைக்க மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

லேப்டாப்பில் அக்கா பெயரோடு செயலியைத் திறந்தபடியே விட்டுப் பால் வாங்கப் போய்விட்டேன். திரும்பினால் அப்பா அதன் முன்னால்.

"இந்தப் பெட்டிக்கு நம்ம படமெல்லாம் தெரியுமா?"

அவருக்கு இது பெட்டி என்று எப்படித் தெரியும்? எத்தனை நாளாய்த் தெரியும்?

"அனுமதி கொடுத்தாத்தான்ப்பா."

புது மருந்துக்கடைப் பலகையைப் படம் எடுத்திருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எழுத்துக்கு நடுவுல இடம் விட்டது சரியான்னு தெரியல. அவகிட்ட காட்டு."

திரை அனுமதி கேட்டது.

"முழுசா படி."

படித்தேன். ஒய் பொத்தானை அப்பாவே அமுக்கினார். ஸ்டிக்கர் பசை விரல். பொத்தான் இன்னும் பிசுபிசுக்கிறது. நான் துடைக்கவில்லை.