மூன்று சக்கர்

என்னங்க,

இருபத்துமூன்று வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்குக் காகிதத்தில் பெயரை எழுதிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். என் பிரியமான என்னங்க, சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது. அதைக் கேட்க முடியாத இடத்துக்கு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

நம் காலனித் தமிழர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு, உங்கள் நினைவாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். தங்கமான மனுஷர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு உங்களிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும், சாட்சிக்கு ஆகும்.

ஒன்றரை வருஷம், விடிந்ததும் "நடந்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, நிஜமாகவே நடந்தீர்களா?

டிஸ்பென்சரி டாக்டர் உங்களுக்குச் சர்க்கரை என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? தினமும் அரை மணி நேரம் நடை, ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, காப்பியில் சீனி அறவே கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். நீங்கள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதுதான் எனக்கு முதல் சந்தேகம். பாயசத்தில் மூன்றாவது டம்ளர் கேட்கிற மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சீனியை விடுவாரா?

அதனால்தான் சீனி பாட்டிலில் காகிதம் ஒட்டி, சீனி நிற்கிற மட்டத்தில் தினமும் கோடு போட்டேன். ஆபீஸிலிருந்து வந்ததும் உங்கள் சட்டையை முகர்ந்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நெய் வாசனை வந்தது. "பஸ்ஸுல பக்கத்துல ஒரு மிட்டாய்க்கடைக்காரன் நின்னான்ளா" என்றீர்கள். நான் நம்பவில்லை. "ஏளா, நீ சி.ஐ.டி.யில சேந்திருந்தா இந்நேரம் பெரிய ஆபீசரு" என்று சிரித்தீர்கள். அந்த நெய்க்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

நடப்பதற்கென்று வெள்ளை கான்வாஸ் ஷூவை சரோஜினி நகர் மார்க்கெட்டில் நானே போய் வாங்கி வந்தேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். காலில் மாட்டிப் பார்த்தீர்கள். "சரியா இருக்கா?" என்று கேட்டேன். "எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆனால் மாதங்கள் போயும் அந்த ஷூவின் அடிப்பக்கம் தேயவே இல்லை. வாரா வாரம் வெள்ளை பூசுகிறவள் நான், எனக்குத் தெரியாதா? ரப்பரில் இருந்த கோடுகள் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. உங்கள் சாக்ஸோ அடியெல்லாம் புல்லின் பச்சைக் கறை, குதிகாலில் ஓட்டை. ஷூ புதுசு, சாக்ஸ் பழசு என்றால் என்ன அர்த்தம்? பார்க்கில் போய் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டு சீட்டாடுகிறார் என்று அர்த்தம். டில்லியில் அதைச் செய்யாத ஆபீஸ்காரர் உண்டா?

அன்றைக்கு, ஹோலி முடிந்த அந்த வாரம், நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மண் துளி கூட இல்லை. "எங்க போயி உக்காந்துட்டு வாரீக? என்னை என்ன கேனச்சின்னு நெனச்சீகளா?" என்றேன். பெற்ற மகள் செல்விக்கு முன்னால் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். குளித்து, சீனியில்லாத காப்பியைக் குடித்துவிட்டு ஆபீஸ் போனீர்கள்.

பதினோரு மணிக்கு உங்கள் செக்‌ஷன் ஆட்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது. அப்படியானால் நான் உங்களிடம் கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்விதானா? கேட்டது நியாயமா, அநியாயமா? இது தெரியாமல் எனக்கு ஒரு கவளம்கூட நிம்மதியாக இறங்கவில்லை.

இறங்கவில்லை என்று எழுதிவிட்டேன். அது பொய். நன்றாக இறங்கியது. நீங்கள் போன பிறகும் அரிசி அளக்கிற கை மூன்று பேருக்கே அளந்தது. செல்வி பறவை மாதிரி கொறித்துவிட்டுக் காலேஜுக்கு ஓடிவிடுவாள். மிச்சத்தை வீணாக்க மனசு வராமல், அடுப்படியில் நின்றபடியே சட்டியோடு வழித்துச் சாப்பிடுவேன். உங்கள் பங்கையும் சேர்த்து நான் தின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ரவிக்கை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. நம் இரண்டாம் மாடிக்கு ஏற நடுவில் இரண்டு தடவை நின்றேன்.

செல்விதான் பிடிவாதமாக டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதே டாக்டர், அதே நாற்காலி. சர்க்கரை இப்பவோ அப்பவோ என்று நிற்கிறது, நடங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள் என்று உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீங்கள் நிஜமாகவே நடந்திருந்தால், நடந்தவர் போய்விட்டார், பிறகு நான் எதற்கு நடக்க வேண்டும்? நடக்கவில்லை என்றால் டாக்டர் சொன்னது சரி, நீங்கள்தான் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நீங்கள் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றுதான் மனசு வேண்டிக்கொண்டது.

இதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று மறுநாளே கிளம்பினேன். செருப்பு அறுந்து கிடந்ததால் உங்கள் கான்வாஸ் ஷூவில் காலை விட்டேன். அதிசயம், கச்சிதமாகப் பொருந்தியது. "அம்மா, உனக்கு அப்பா சைஸா!" என்று செல்வி சிரித்தாள். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூவோடு படியிறங்கினேன். நான் உடம்புக்காகப் போகவில்லை, துப்புத் துலக்கப் போனேன்.

பார்க்கில் சீட்டாடுகிறவர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர் நம் பக்கத்து பிளாக் தமிழர். "சார் எங்க கூட ஒரு நாளும் உட்காந்ததில்லையேம்மா" என்றார். ஆம்பிளைக்கு ஆம்பிளை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற மாலியிடம் எனக்குத் தெரிந்த காய்கறிக்கடை ஹிந்தியில் விசாரித்தேன். மதராஸி சாப், கண்ணாடி போட்டவர், தினமும் வருவாரே என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அச்சா, வோ சாப்! ரோஜ் பூரே தீன் சக்கர் லகாதே தே!" என்றார்.

தீன் என்றால் மூன்று. சக்கர் என்றால்? இங்கே சிலர் சீனியைச் சக்கர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் சர்க்கரைதானே அது? தினமும் முழுசாக மூன்று சர்க்கரை! வீட்டில் கோடு போட்ட பாட்டில், வெளியில் மூன்று ஸ்பூன் போட்ட டீ. பிடித்துவிட்டேன் என்று ஒரு பக்கம் சந்தோஷம். வீட்டுக்கு வந்து உங்கள் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மாதம் அப்படியேதான் இருந்தது.

அந்த டீயை எந்தக் கடையில் குடித்தீர்கள் என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமாக நடந்தேன். பால் பூத் பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம், லக்ஷ்மிபாய் நகர் வரைக்கும்கூடப் போனேன். எல்லாக் கடைக்காரனும் கையை விரித்தான். ஒருத்தன் மட்டும், சாப் எப்போதாவது வருவார், சீனியில்லாமல் கேட்பார் என்றான். இவனையும் சரிக்கட்டி வைத்திருக்கிறார் என்று தோன்றியது. இறந்தவர் எப்படிச் சரிக்கட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதற்கு நடுவில் நான் கவனிக்காமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் நிற்காமல் ஏறினேன். காலையில் அலைந்த அலைச்சலில் ராத்திரி சோறு வடிக்க அலுப்பாக இருக்கும், இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் கீரை என்று முடித்துக்கொண்டேன். நின்றபடி வழித்துச் சாப்பிடாமல், தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அரிசி அளக்கிற கையை இரண்டு பேருக்குப் பழக்கினேன். அந்த ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் பாதி டம்ளர் அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டும்போது அழுதேன்.

போட்டோவைத் திருப்பி வைத்த காரணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி பிடுங்கிவிட்டாள். மாலி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரே அம்மா! சக்கர்னா ரவுண்ட்மா! தீன் சக்கர்னா பார்க்கை மூணு ரவுண்ட் வந்தார்னு மத்லப். நீ சொல்றது ஷக்கர், அது வேற. இத்தனை வருஷம் டில்லியில இருந்துட்டு இதுகூடவா தெரியாது?"

தெரியாமல் என்ன? தலை சுற்றுவதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சக்கர் என்று சொல்லி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் என் காதுக்கு எது வேண்டுமோ அதைத்தான் அது கேட்டது. ச போய் ஷ வந்ததில் நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

போட்டோவை மறுபடி முன்பக்கம் திருப்பிப் பொட்டு வைத்தேன். ஆனாலும் ஷூ இடித்தது. மூன்று சுற்று நடந்தவர் ஷூ எப்படித் தேயாமல் இருக்கும்? மறுநாள் செல்வியையும் கூட்டிக்கொண்டு மாலியிடம் போனேன். அவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் நடந்த மாதிரி நடந்து காட்டினார். பார்க் வாசல் வரைக்கும்தான் ஷூவாம். உள்ளே வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்ஸோடு புல்லில் நடப்பீர்களாம். ஏன் என்று கேட்டேன். "ஜூத்தா காட்தா தா, பீபிஜி" என்றார்.

அதற்கு எனக்குச் செல்வியின் உதவி வேண்டியிருக்கவில்லை. ஷூ கடித்தது என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். உடனே அந்தச் சரோஜினி நகர் ஷூக்கடைக்காரன் ஞாபகம் வந்தது. உங்கள் ஆபீஸ் செருப்பைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அளவு இல்லை, ஒரு அளவு சின்னது இருக்கிறது, கான்வாஸ்தானே, போடப் போட இளகிவிடும் என்றான். டில்லியில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற நான், அவன் ஒருத்தனை நம்பினேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று இப்போது புரிகிறது. பார்க் நடுவில் நின்றுகொண்டு அழுதேன். சீட்டாட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒரு பொய்யிலாவது உங்களைப் பிடிக்க வேண்டும் என்று அலைந்தேன் அல்லவா, பிடித்துவிட்டேன். "எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு." அது ஒன்றுதான் பொய். அன்றைக்குக் காலையில் நான் கத்தியபோது, கடிக்குதுளா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஆசையாக வாங்கி வந்தது என்று சொல்லவில்லையா? இல்லை, சொன்னால் என் விசாரணை ஆரம்பித்துவிடும் என்று பயமா?

இன்னொரு சந்தேகமும் வந்துவிட்டது. இதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஷூ கடித்ததை ஒன்றரை வருஷம் சொல்லாத மனிதர், நெஞ்சு வலித்ததைச் சொல்லியிருப்பாரா? அன்றைக்குச் சிரித்தீர்களே, அப்போதே வலித்துக்கொண்டிருந்ததா?

டாக்டரிடம், நடந்தும் போய்விட்டாரே என்று கேட்டேன். நடந்தால் சாவு வராது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, இருக்கிற நாளில் மூச்சு வாங்காமல் படியேறலாம் என்றுதான் சொன்னேன் என்றார். டாக்டர்கள் தப்பித்துக்கொள்ள இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் படி விஷயம் பொய்யில்லை. இப்போது செல்விதான் சீனி பாட்டிலில் கோடு போடுகிறாள். நான் பார்க்கிலிருந்து வந்தால் என் முந்தானையை முகர்ந்து பார்க்கிறாள்.

தினமும் பூரே தீன் சக்கர் நடக்கிறேன். ஷூவின் அடிப்பக்கம் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு எங்கே கடித்தாலும், எங்கே வலித்தாலும், அன்றைக்கே செல்வியிடம் சொல்லிவிடுவேன். உங்களை மாதிரி சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போக மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் வேலைக்கு அமர்த்தாத உங்கள் சி.ஐ.டி.,
உங்கள் மனைவி கோமதி