லூர்ட் டிக்கெமாவின் மூச்சுத்தசையை அளந்த பிறகு முடிவெடுங்கள்

அனுப்புநர்:
ஆல்ட்யே டிக்கெமா,
அணைக்கரைச் சாலை, வெஸ்டர்மீடன்,
குரோனிங்கன் மாநிலம், நெதர்லாந்து.

பெறுநர்:
நோயாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
அணைக்கரைப் பொது மருத்துவமனை.

பொருள்: என் கணவரின் இரவு மூச்சுக்கருவியைத் திரும்பப் பெறும் முன், அவரது மூச்சுத்தசையின் உழைப்பை உணரிகளால் அளக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

என் கணவர் லூர்ட் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். தசை நலிவு நோயால், மூச்சை இழுக்கும் அவரது உதரவிதானம் வலுவிழந்து வருகிறது. இரவில் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் கருவியோடு உறங்குகிறார். அது இனி அவருக்குத் தேவையா என்று நவம்பர் 14 அன்று தங்கள் நுரையீரல் பிரிவு முடிவு செய்யவுள்ளது. அந்த முடிவுக்கு வரும் முறையைப் பற்றியே என் புகார்.

கடந்த வசந்தத்தில் இதே பிரிவில், ஓர் ஆய்வுக்காக அவரது விலாவின் அடியிலும் கழுத்தோரத்திலும் உணரிகளை ஒட்டினார்கள். ஊசி இல்லை, குழாய் இல்லை, ஈ.சி.ஜி. எடுக்க ஒட்டுவார்களே, அது போன்றவைதான். தசை வேலை செய்யும்போது எழும் மின்னலைகள் திரையில் தெரிந்தன. மூச்சு விடும் சிரமத்துக்குப் பத்தில் எவ்வளவு தருவீர்கள் என்று செவிலியர் யித்ஸ்கெ கேட்டார். "ஒண்ணு போட்டுக்கோம்மா" என்றார் கணவர். செவிலியர் திரையைக் காட்டி, "ஐயா, நீங்க சும்மா படுத்திருக்கீங்க. உங்க தசை வைக்கோல் கட்டு தூக்கிட்டிருக்கு" என்றார். அன்றே கருவியின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். அந்த வாரம் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். மூச்சு வாங்குவதற்காக முள்கரண்டியைக் கீழே வைக்காமல் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டு முடித்தார்.

ஆய்வு முடிந்ததும் உணரிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகஸ்டில் அவரால் மீண்டும் படுக்க முடியாமல் போனது. செப்டம்பர் பரிசோதனையில் மருத்துவர் வீர்செமா அதே கேள்வியைக் கேட்டார். அதே "ஒண்ணு"தான் பதில். பகலில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. அதைச் சரியாக வைத்திருக்கத் தசை என்ன பாடுபடுகிறது என்பதை அந்தப் பரிசோதனை காட்டாது.

நான் குறுக்கிட்டேன்: "உள்ளதைச் சொல்லுங்க. ராத்திரி உக்காந்துதானே தூங்குறீங்க?"

"வெளிய எத்தன பேரு காத்திருக்காங்க. அவங்களப் பாருங்க டாக்டர்" என்றார் கணவர்.

மருத்துவர் சிரித்தார். "எங்கப்பாவும் இப்படித்தான், எதுக்கும் அசர மாட்டாரு." பிறகு அழுத்தத்தைக் குறைத்தார். இப்போது என் கணவர் சமையலறை மேசையில் தலையணை வைத்து, அதில் கவிழ்ந்து தூங்குகிறார்.

எங்கள் தொழுவம் எரிந்த அன்று, நலம் விசாரித்த தீயணைப்பு வீரரிடம் "காத்து வீட்டுப் பக்கம் அடிக்கல, பரவாயில்ல" என்றவர் இவர். இந்தப் பகுதியில் எல்லோரும் இப்படித்தான் பேசுவோம். மருத்துவரும் இங்கே பிறந்தவர்தான். தன் தந்தை "பரவாயில்ல" என்றிருந்தால் உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார். மருத்துவமனையில் மட்டும் அந்தச் சொல்லை அப்படியே எண்ணாக எழுதிக்கொண்டார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதை விடுவதாகவும் இல்லை.

ஆகவே, நவம்பர் 14 அன்று என் கணவரை உட்காரவைத்தும் படுக்கவைத்தும், கருவியோடும் கருவியின்றியும், உணரிகளால் அளந்த பிறகே முடிவெடுக்குமாறும், அதுவரை வசந்தத்தில் வைத்திருந்த அழுத்தத்தையே மீண்டும் வைக்குமாறும் உத்தரவிடக் கோருகிறேன். அளவீட்டில் தசை ஓய்வாக இருப்பதாகத் தெரிந்தால், கருவியை நானே காரில் ஏற்றிக் கொண்டுவந்து தருகிறேன்.

அவரது ஒப்புதலும் தேவைப்படும் என்பதால் நேற்று கேட்டேன். "ஒட்டட்டும், எனக்கென்ன" என்றார். எங்கள் திருமண வாழ்வில் அவர் இவ்வளவு வெளிப்படையாக உதவி கேட்டு நான் பார்த்ததில்லை.

நாள்: அக்டோபர் 27
இடம்: வெஸ்டர்மீடன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஆல்ட்யே டிக்கெமா