நீ தட்டிப் பார்த்த டிரம்கள்

இன்று அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. சால்ட் லேக், ஐந்தாவது செக்டர், நாலாவது மாடி. பழுது பார்க்க வந்தவர் முன்கதவைத் திறந்து, உள்ளேயிருந்து பச்சையாகப் பளபளக்கும் ஓர் உருளையை உருவி எடுத்தார். "டிரம் கேச்சே, திதி" என்றார். டிரம் போய்விட்டது, அக்கா. சூடான காகித வாசனை. என்னையறியாமல் விரலை மடக்கிக்கொண்டு கை நீட்டினேன். அவர் பதறிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கை பட்டால் கெட்டுவிடுமாம்.

தட்டக் கூடாத டிரம். உன் பட்டியலில் இது கிடையாது. அன்று கண்ணில் பட்டிருந்தாலும் நீ சேர்த்திருக்க மாட்டாய்.

ஒன்பதாம் வகுப்பு கோடை விடுமுறை. ஆங்கில மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம்: ஓர் இசைக்கருவியின் ஆங்கிலப் பெயர், சாதாரணமாகப் புழங்குவது. அதற்கு வேறு என்னென்ன அர்த்தங்கள்? இருவர் இருவராக எழுதி வர வேண்டும். நான் 'ஹார்ன்' என்றேன். மாட்டுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, வேலை முடிந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. "டிரம்" என்றாய். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவின் அகராதியைப் பார்த்துப் பத்தொன்பது அர்த்தங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். நீ பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் அடித்தாய்.

"இதெல்லாம் யார் சொன்னா?"

"டிக்‌ஷனரி."

"டிக்‌ஷனரி தட்டிப் பாத்துச்சா?"

அப்படித்தான் விதி பிறந்தது. நாம் கையால் தட்டிப் பார்த்த அர்த்தம் மட்டுமே பட்டியலில் ஏறும்.

மே மாதம். கார்டன் ரீச். தார் உருகும் வெயில். இரண்டு தமிழ்ப் பெண்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு. சாலை போடும் இடத்தில் தார் டிரம்: தட்டினோம், உள்ளங்கை கருத்தது. கப்பல் கட்டும் தளத்தின் மதிலோரம் டீக்கடைக்காரர் மேஜையாகப் போட்டிருந்த மரச் சக்கரம்: கேபிள் டிரம். லாரி மெக்கானிக்கின் காலடியில் பிரேக் டிரம். நீ அதை ஸ்பேனரால் தட்டினாய், மணி மாதிரி ஒலித்தது. "ஏய் மேயே, ஓட்டா பாஜாபார் ஜினிஷ் நா!" என்று அவர் கத்தினார். வாசிக்கிற சாமான் இல்லையாம். நீ உடனே அவரிடம், "தாஹோலே டிரம் போலேன் கேனோ?" என்றாய். அப்புறம் ஏன் டிரம் என்கிறீர்கள்? அவர் லெமனேட் வாங்கிக் கொடுத்தார்.

டிரம் என்று ஒரு மீன் இருப்பதாக அகராதி சொல்லியது. மீன் சந்தைக்குப் போனோம். மீன்காரர் நாம் கேட்டதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு பெரிய கட்லா ஒன்றைத் தூக்கிப் பலகையில் அறைந்தார். "இதை வாசி, நல்லா வரும்." சைவ வீட்டுப் பிள்ளை நான். நீ என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாய். மீன் பட்டியலில் ஏறவில்லை. என் கை வாசனை மட்டும் வீடு வரை வந்து, அம்மாவிடம் திட்டு வாங்கித் தந்தது.

குவிமாடங்களுக்கு அடியில் நிற்கும் வட்டச் சுவருக்கும் அதே பெயராம். எட்டவில்லை. நீக்கப்பட்டது. பௌதி, அதாவது அண்ணி, என்று நாம் கூப்பிட்ட மூன்றாம் மாடிக்காரியின் வாஷிங் மெஷின்: ஏற்கப்பட்டது. செவிப்பறைக்கு மட்டும் நீண்ட விவாதம். நீ என் காதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இதத் தட்ட முடியாது. ஆனா மத்ததெல்லாம் தட்டுனோம்னு சாட்சி சொல்றது இதுதான். போடு."

இன்னும் மூன்று சேர்ந்து எட்டு ஆயிற்று. எட்டும் இரண்டிலிருந்து ஒன்பது வரை எண் போட்டிருந்தன. ஒன்றாம் எண்ணுக்கு எதிரே காலி.

ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் அது நின்றது. இடுப்பு உயர இரும்பு டிரம், நீலப் பெயின்ட், மூடியைச் சுற்றி வளையம், வளையத்தில் துருப்பிடித்த போல்ட். மேலே பூப்போட்ட துணி, துணி மேல் மணிபிளான்ட். நாக்பூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. ஆறு வருடமாகத் திறக்கவில்லை.

மாற்றலில் வந்த எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் மரப்பெட்டி. மெத்தை போட்டு அதன் மேல்தான் உட்கார்ந்தோம். நல்ல சாமான் எல்லாம் அதற்குள். அடுத்த ஊரில் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த ஊரிலும் அதையேதான் சொல்வார்கள்.

நீ போகிற போக்கில் அதன் விலாவில் ஒரு விரலால் தட்டினால் போதும், அடுக்களையிலிருந்து உன் அம்மாவின் திருநெல்வேலிக் குரல் வரும்: "ஏட்டி, அதத் தட்டாதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? உள்ள கண்ணாடிச் சாமான் கெடக்கு!"

"என்ன சாமான்மா?"

"போற எடத்துல பாத்துக்கலாம்."

இங்கே வருவதற்குள்ளேயே உனக்கு மூன்று பள்ளிக்கூடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு தோழி, ஒரு முகவரி, இரண்டு கடிதம், பிறகு ஒன்றுமில்லை. ஒருநாள் மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னாய். குரலில் வருத்தம் இல்லை, ஏதோ தேர்வுக் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி. "ஆறு வருஷமா நாங்க பிளாட்பாரத்துல உக்காந்திருக்கோம்டீ. ரயில் இன்னும் வரல, அவ்வளவுதான். அந்த டிரம்மைத் திறந்தாத்தான் நாங்க இங்க குடியிருக்கோம்னு அர்த்தம்." ஒரு படி இறங்கி நின்று, "எனக்கு இங்கதான் இருக்கணும்" என்றாய்.

அந்தக் கோடையில்தான் பேச்சு அடிபட்டது. மாற்றல் பட்டியலில் உன் அப்பாவின் பெயர் இருக்கிறதாம். உன் அம்மா டிரம்மின் போல்ட்டுக்கு எண்ணெய் போடக்கூட விடவில்லை. "இன்னும் ரெண்டு மாசந்தான்" என்றாள்.

பிறகு பம்ப் மோட்டார் எரிந்துபோனது.

முதல் நாள் பக்கெட், குடம். இரண்டாம் நாள் குக்கர், இட்லிக் கொப்பரை. மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வந்தபோது நாலு மாடிக் குடும்பங்களும் கீழே நின்றன. மூன்றாம் மாடி பௌதி உங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஓ திதி, இத்தனை பெரிய டிரம்மை வீட்டுல வச்சுக்கிட்டு சொம்புல தண்ணி தூக்குறீங்களா? அதுக்கு என்ன பூஜையா பண்றீங்க?"

உன் அம்மா இடுப்பில் கை வைத்தபடி டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். வலித்தது.

"ஏட்டி, ஸ்பேனர் எடுத்தா."

உன் அப்பா பனியனோடு வந்தார். "ஆர்டர் வந்துட்டா என்ன பண்ணுவ?"

"வந்தா திரும்பக் கட்டுதேன். இப்பம் கால் கழுவத் தண்ணியில்ல. நீங்க மணிபிளான்ட்டத் தூக்குங்க."

போல்ட் இறங்க மறுத்தது. பௌதியின் கணவர், உன் அப்பா, பக்கத்து வீட்டு உத்தர்பிரதேசத்துக்காரர், மூன்று பேர். மூடி எழும்பியபோது வேப்பிலை வாசனை. மராத்திச் செய்தித்தாள் சுருட்டிய பொட்டலங்கள். இருபத்துநாலு பீங்கான் கோப்பைகள், ஒன்றுகூட உடையாமல். நாக்பூர் ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த திரைச்சீலைகள். உன் அப்பா பெயர் எழுதிய பலகை.

அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உனக்கு இல்லை. நீ கோப்பைகளைப் பார்க்கவே இல்லை. டிரம் காலியாகிவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அம்மா முதல் பக்கெட்டோடு படியேறி வருவதற்குள் டிரம்மை வெளியே, படிக்கட்டு முகப்புக்கு உருட்டினாய். முதலில் உள்ளங்கையால். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஆறு வருடமாக 'தொப்' என்று மட்டும் பேசியது, வாய் திறந்து பேசியது. பிறகு கரண்டி. பிறகு சப்பாத்திக் கட்டை. கதவுகள் திறந்தன. பௌதி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் குலுக்கினாள். யாரோ ஒரு கிழவி பூஜைக்கு எழுப்புவது மாதிரி குலவை விட்டாள். கீழே லாரி டிரைவர் தாளத்துக்கு ஹார்ன் அடித்தார். உன் அம்மா பக்கெட்டோடு வந்து நின்று "போதும்ட்டி" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பக்கெட்டின் விளிம்பில் அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

அப்புறம் டிரம்மைத் திரும்பக் கூடத்துக்கு உருட்டினோம், தண்ணீர் விழுந்தது. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் நீ ஒரு தட்டு தட்டிப் பார்த்தாய். சத்தம் ஏறி, மங்கி, கடைசியில் பழையபடி தொப்.

"பழைய மாதிரியே ஆயிடுச்சே" என்றேன்.

"துர்! இது வேற தொப்பு."

தண்ணீர் தூக்கியவர்களுக்கெல்லாம் உன் அம்மா புதுக் கோப்பைகளில் டீ கொடுத்தாள். கழுவவில்லை, முந்தானையால் துடைத்தாள். திரைச்சீலைகள் இந்த ஜன்னல்களுக்கு ஒரு முழம் குட்டை. அப்படியே மாட்டினாள். வளர்ந்த பிள்ளைக்குப் பழைய பாவாடை கட்டினது மாதிரி, சாலையிலிருந்தே தெரியும்.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதினாய்: 'ஒன்று. டிரம். தண்ணீர் பிடித்து வைப்பது. எங்கள் வீட்டில் இருக்கிறது.' மற்றவர்கள் இருபது, இருபத்திரண்டு அர்த்தம் எழுதி வந்தார்கள். நமக்கு ஒன்பது. வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண். மிஸ் சிவப்பு மையில் 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதியிருந்தாள். நீ அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாய்.

மழைக்காலத்தில் ஆர்டர் வந்தது. நிஜமாகவே. உன் அப்பா ஒரு காகிதத்தோடு கூடத்தில் நின்றார். நாம் தரையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நீ ஸ்ட்ரைக்கரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டாய்.

உன் அம்மா காகிதத்தை வாங்கிப் படித்தாள். டிரம்மைப் பார்த்தாள். அது நிறையத் தண்ணீரோடு நின்றது.

"புள்ள பன்னெண்டாப்பு முடிக்கட்டும். நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"அப்ப நான் யார் கையால சாப்பிடுறது?"

"உங்க கையாலதான்."

நீ ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாய். ஒரு காய்கூட விழவில்லை. விழுந்த மாதிரி கத்தினாய்.

அப்புறம் பள்ளி, கல்லூரி, இருவருக்கும் இதே ஊரில் வேலை. பன்னிரண்டு வருடம். நாலாவது பள்ளிக்கூடத்துத் தோழி நான், கடிதத்தோடு நின்றுவிடவில்லை. இருபத்தாறு வயதில், ஒரு வாரக் காய்ச்சலில், நீ போனாய். அந்த வாரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நாம் தட்டிப் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்பாய். அதற்கு என் கை இன்னும் போகவில்லை.

போன மாதம் லேக் கார்டன்ஸில் வாடகைக்கு வந்தேன். ஒற்றை அறை, சின்ன பால்கனி, பதினோரு மாத ஒப்பந்தம். முதல் நாளே எல்லா அட்டைப்பெட்டிகளையும் பிரித்தேன். எல்லாவற்றையும். காலிப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன், திரும்பக் கட்ட ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. சுத்தியல் சத்தம் கேட்டு வீட்டுக்கார மாஷிமா மேலே வந்தார்.

"பதினோரு மாசத்துக்கா அம்மா இத்தனை ஆணி?"

"ஆமா மாஷிமா" என்றேன். "இங்கதானே குடியிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. அடுத்த ஆணியை எடுத்தேன்.