கிரைண்டர் இரைச்சல்

என்னங்க,

நீங்கள் கூரையில் கட்டிய ஏரியல் பத்திரமாக இருக்கிறது. இந்த ஹந்தானை மலை மழையிலும், நீங்கள் இணையத்தோடு இணைத்துவிட்டுப் போன ரேடியோவை நான் அணைக்கவில்லை. எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் இணையத்தில் வந்து அதில் சிற்றலை கேட்கிறார்கள்.

கத்தாரிலிருந்து நீங்களும் வருகிறீர்கள். கேட்பவர்களின் பெயர்களோடு உங்கள் பெயரும் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. எனக்குத்தான் ஒரு டெலிபோன் கோல் இல்லை. போகும் அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லையோ?

நேற்று சம்பலுக்குக் கிரைண்டரைப் போட்டேன். "ஏய், அத நிப்பாட்டு! ரேடியோவுல ஒரே இரைச்சலா வருது" என்று கத்துவீர்களே, அதே இரைச்சல். கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் எல்லோரும் திரையிலிருந்து போய்விட்டார்கள். நான் நிறுத்தும்வரை உங்கள் பெயர் மட்டும் அங்கேயே இருந்தது.

நாளை அரைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பகலில் வெறும் கிரைண்டரைப் போடுவேன். வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு இரைச்சல்